பாட்டியை எடுத்துவிட்டார்கள்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை. புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அலுவலகத்தில் இருந்த என்னைப் பக்கத்து வீட்டு அக்கா கைப்பேசியில் அழைத்து, எடுத்த எடுப்பிலேயே அழுதார். "சுவரை ஒட்டிய வீட்டில் இருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?"

"எதை அக்கா?" என்றேன்.

அவர் அழுகை சட்டென்று நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. மின்தூக்கி வாசலில் என் மகனைப் பார்த்து, "பாட்டி எங்கே, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டிருக்கிறார். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகன், தமிழில் கேட்டால் தமிழில்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற வீட்டு விதியை மீறாமல், "அப்பா காலையிலேயே பாட்டியை எடுத்துவிட்டார்" என்று சொல்லியிருக்கிறான். எங்கே எடுத்தார் என்பதை அவன் சொல்லி முடிப்பதற்குள் மின்தூக்கியின் கதவு மூடிக்கொண்டது.

பாட்டி, அதாவது என் மாமியார், அந்த நேரத்தில் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் ஒரு பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் சீட்டைக் கையில் பிடித்தபடி மேரி பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தமிழ் வீட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதில் விளக்கம் தேவைப்படாது. சாவு வீட்டுக்குப் போக முடியுமா என்று யோசிப்பவர் கேட்கும் முதல் கேள்வியே, "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்பதுதான். இங்கே அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டி நாற்காலி போட்டிருந்தாலும் அதே கேள்விதான். மண்டாய் தகனச்சாலைக்குப் போகும் வண்டி எப்போது கிளம்பும் என்று எவரும் கேட்பதில்லை. எதை எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. ஓர் ஆளைச் செயப்படுபொருளாக்கி, பின்னால் 'எடு' என்ற வினையை நிறுத்திவிட்டால், அந்த ஆள் உயிரோடு இல்லை என்று பொருள். கைக்குழந்தைக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

என் மகன் தமிழில் பேசவில்லை, ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் பேசினான் என்று அன்றிரவு கணவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனால், பகுதிநேரமாகத் துண்டுப் பிரசுரங்களை மொழிபெயர்க்கிறவள் நான். 'டேக்' (take) என்ற அந்தச் சின்ன ஆங்கில வினைச்சொல் எனக்குப் பழைய பகையாளி. பையனைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று பிறகு தோன்றியது.

பாட்டியை மருத்துவரிடமும், குடையை அலுவலகத்துக்கும், நாயைப் பூங்காவுக்கும் ஆங்கிலம் ஒரே வினையால் கொண்டுபோய்விடுகிறது. நமக்கு அது போதாது. பெரியவர்களை அழைத்துக்கொண்டு போகிறோம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறோம், திருடனைப் பிடித்துக்கொண்டு போகிறோம். குடையை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகிறோம். எதைக் கொண்டு போகிறோம் என்பது மட்டுமல்ல, அதற்கு நாம் எவ்வளவு மரியாதை தருகிறோம், அது தானாக நடக்குமா என்பதுகூட வினையிலேயே தெரிந்துவிடும். இத்தனை வேறுபாடுகளைப் பதினொரு வயதுப் பையன் மின்தூக்கி மூடும் நேரத்துக்குள் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

'எடு' என்பதற்குத் தமிழில் அடிப்படையான பொருள் தூக்குவது, உயர்த்துவது. வள்ளுவர் மழையைப் பற்றி, "எடுப்பதூஉம் எல்லாம் மழை" என்று 15ஆம் குறளில் சொல்லும்போது, கெட்டுப்போனவர்களைத் தூக்கி நிறுத்துவதும் மழைதான் என்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன், "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" என்கிறான். கல்லால் உயர்த்திக் கட்டச் செய்த கோயில் அது. இதைப் பையனின் முறையில் ஆங்கிலத்தில் சொன்னால், அரசன் ஆள்வைத்துக் கோயிலைத் திருடினான் என்று ஆகிவிடும். விழா எடுப்பதும் இந்த உயர்த்தல்தான். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் காவடி எடுப்பதும், பால்குடம் எடுப்பதும் அதே வினைதான். அங்கே 'சுமக்கிறார்கள்' என்று சொல்லிப் பாருங்கள், பாரம் மட்டும் இருக்கும், வேண்டுதல் இருக்காது.

பசி எடுக்கிறது, தாகம் எடுக்கிறது, குளிரெடுக்கிறது, பாம்பு படமெடுக்கிறது. இங்கெல்லாம் உள்ளிருந்து ஏதோ ஒன்று மேலே எழும்புகிறது. எனக்குப் பசி எடுக்கிறது என்ற வாக்கியத்தில் நான் எதையும் எடுப்பதில்லை, பசிதான் எழுகிறது. இதை ஒருமுறை தமிழ் கற்றுக்கொள்ளும் சீன நண்பர் ஒருவருக்கு விளக்கினேன். "அப்படியானால் உங்கள் ஊரில் பசிக்குத்தான் வேலை, உங்களுக்கு இல்லை" என்றார். அதைவிட நல்ல இலக்கணக் குறிப்பை நான் படித்ததில்லை.

ஆக, 'எடு' ஏற்கெனவே நிறைய வேலைகள் பார்க்கும் ஆள். அவரிடம் போய், 'டேக்' பார்க்கும் வேலைகளையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறோம். சில இடங்களில் முட்டிக்கொள்கிறது.

இங்கே பள்ளிப் பிள்ளைகள் "பஸ் எடுத்து வந்தேன்" என்கிறார்கள். நான் 2006இல் திருமணமாகிப் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வந்தபோது, முதன்முதலில் இதைச் சொன்னவள் என் நாத்தனார் மகள். உயர்நிலைப் பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டு, "நான் தினமும் பஸ் எடுத்துத்தான் போவேன்" என்றாள். எங்கள் ஊரில் பஸ்ஸை எடுப்பவர் ஓட்டுநர். "ஓடி வா, பஸ்ஸை எடுத்துவிட்டான்" என்றால் வண்டி புறப்பட்டுவிட்டது என்று பொருள். பயணிகள் பஸ்ஸைப் பிடிப்பார்கள், ஏறுவார்கள், தவறவிடுவார்கள். எடுக்க மாட்டார்கள். மலாய்க்காரர்களும் பஸ்ஸில் ஏறத்தான் செய்கிறார்கள், அவர்கள் வினை 'நாயிக்'. சீனர்கள் பஸ்ஸில் உட்காருகிறார்கள், அவர்கள் வினை 'ஸுவோ'. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில் பஸ்ஸை எடுப்பது ஆங்கிலம் ஒன்றுதான். அதைப் பார்த்து நம் பிள்ளைகளும் எடுக்கிறார்கள்.

பாடம் எடுப்பதில் இன்னும் வேடிக்கை. ஊரில் பாடம் எடுப்பவர் ஆசிரியர். இங்கே பாடத்தை எடுப்பவர் மாணவர். "நான் உயர்தமிழ் எடுக்கப் போகிறேன்" என்று மகன் சொன்னபோது, மாமியார் ஊருக்குத் தொலைபேசி செய்து, "பேரன் இந்த வயதிலேயே பாடம் எடுக்கிறான்" என்று பெருமைப்பட்டார். நான் அதைத் திருத்தவில்லை. ஒரு வாரம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகளை மட்டும் சொல்லி என்ன பயன். தீபாவளிக்கு முந்திய மாதம், வேலைக்குச் சேர்ந்த புதிது, பக்கத்து இருக்கைச் சீனத் தோழியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: இன்றைக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டும், லிட்டில் இந்தியாவில் தேக்காவுக்குப் போய் வீட்டில் எல்லாருக்கும் புடவை எடுக்க வேண்டும். 'எடுக்க' என்பதற்கு 'டேக்' என்றே போட்டேன். அவள் குரலைத் தாழ்த்தி, "காசு கொடுக்காமலா?" என்று கேட்டாள். நாம் அரிசி வாங்குகிறோம், நகை வாங்குகிறோம், துணி மட்டும் எடுக்கிறோம். கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி விரிப்பார், நாம் அந்தக் குவியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுப்போம். காசு கொடுப்பது அப்புறம் நடக்கும் சிறிய சடங்கு. இதை அந்தத் தோழிக்கு விளக்க நான் முயன்றிருக்கலாம். முயலவில்லை.

'டேக்' எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். பகையாளியின் பூர்விகம் தெரிந்தால் நல்லதுதானே. ஆச்சரியம் என்னவென்றால், அதுவும் ஆங்கிலத்துக்கு வந்தேறிதான். பழைய ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த வினை 'நிமன்'. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பு 'நேமன்' இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வைக்கிங்குகள் குடியேறினார்கள். அவர்களுடைய நோர்ஸ் மொழியின் 'டாகா'தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, சில நூற்றாண்டுகளில் 'நிமன்' என்ற வீட்டுக்காரனை வெளியே அனுப்பிவிட்டது. இப்போது 'நிமன்' எங்கே இருக்கிறது தெரியுமா? கைகால் மரத்துப்போவதை ஆங்கிலத்தில் 'நம்' (numb) என்கிறார்களே, அந்தச் சொல்லில். குளிரால் எடுத்துக்கொள்ளப்பட்ட கை என்பது அதன் பழைய பொருள். வீட்டை இழந்த வினை, மரத்துப்போன ஒரு விரலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

இதைப் படித்தபோதுதான் தமிழில் யார் அந்த வீட்டுக்காரர் என்று யோசித்தேன். 'டேக்' என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் 'எடு' அல்ல, 'கொள்'. புறநானூற்றின் 204ஆம் பாட்டில் கழைதின் யானையார், "கொள்ளெனக் கொடுத்தல் உயர்ந்தன்று" என்கிறார். 'இந்தா, பெற்றுக்கொள்' என்று தாமாகக் கொடுப்பது உயர்வு, வேண்டாம் என்று மறுப்பது அதனினும் உயர்வு என்று அந்தப் பாட்டு போகிறது. அங்கே 'கொள்' தனியாக, யார் துணையும் இல்லாமல், தன் காலில் நிற்கிறது. இன்றைக்கு அப்படி நிற்பது அரிது. என் மாமியார் மட்டும், சம்பந்தம் பேசும்போது, "அவர்களோடு நமக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு" என்பார். பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும். பாருங்கள், விளக்கம் சொல்லப் போன நானே 'எடுப்பது' என்று எழுதிவிட்டேன்.

ஆனால் 'கொள்' இன்னும் மரத்துப்போகவில்லை. கொள்கை, கொள்ளை, கொள்முதல் என்று பெயர்ச்சொற்களில் பத்திரமாக இருக்கிறது. இந்தத் தீவின் பிழைப்பே அதன் பெயரில்தான் நடக்கிறது: 2024இல் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்ட சரக்கு, இருபதடிக் கொள்கலன் கணக்கில் நான்கு கோடிக்கு மேல். அதை எடுகலன் என்று எவரும் சொல்லவில்லை. 1966இல், யாழ்ப்பாணத்தில் பிறந்த அப்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் ஆங்கிலத்தில் வரைந்த தேசியப் பற்றுறுதி, தமிழில் "உறுதி மேற்கொள்வோமாக" என்று முடிகிறது. செய்தி எழுதும்போது 'பற்றுறுதி எடுத்துக்கொண்டனர்' என்று எழுதுகிறோம், பற்றுறுதிக்குள் 'மேற்கொள்' இருக்கிறது.

அதைவிட முக்கியம், துணைவினையாக அது நுழையாத வாக்கியம் குறைவு. மேலே பாட்டியையும் ஆட்டையும் திருடனையும் கொண்டுபோன வினைகளைத் திரும்பிப் பாருங்கள். அழைத்துக்கொண்டு, ஓட்டிக்கொண்டு, பிடித்துக்கொண்டு. எல்லாவற்றிலும் இரண்டாவது ஆளாக அதுதான் நிற்கிறது. ஊருக்குப் போகிறவரிடம் ஆங்கிலத்தில் 'டேக் கேர்' என்கிறார்கள். 'கவனம் எடுங்கள்' என்று அதைத் தமிழாக்கிய வாழ்த்து அட்டை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். வாசலில் நின்று நம் வீட்டில் சொல்வது, "உடம்பைப் பார்த்துக்கொள்". பேச்சில் அந்தக் 'கொள்' வெறும் 'கோ' என்று தேய்ந்துவிட்டது. ஆனாலும் அந்த ஓரெழுத்தை எடுத்துவிட்டு, "உடம்பைப் பார்" என்று சொல்லுங்கள். எதிராளி சட்டையைச் சரிசெய்துகொள்வார்.

ஆகவே, ஆங்கிலத்திலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் விரட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. 'நடவடிக்கை எடுத்தல்' ஆங்கிலத்தின் நிழல்தான். ஆனால், அந்த இடத்தில் 'எடு'வுக்கு வேறு வேலை இருக்கவில்லை, எவரும் குழம்பவும் இல்லை. நாளிதழ்களில் அது நிலைத்துவிட்டது, இருக்கட்டும். முடிவெடுத்தலும் அப்படியே. ஓய்வெடுத்தல் எனக்கே பிடிக்கும், கொஞ்சம் சோம்பல் முறிக்கும் ஓசை அதில் இருக்கிறது. 'குளியல் எடுத்தேன்' என்பதை மட்டும் என்னால் சகிக்க முடியாது, அதற்குக் காரணம் கேட்காதீர்கள். மற்றபடி என் சண்டையெல்லாம் 'எடு' ஏற்கெனவே குடியிருக்கும் இடங்களில்தான். ஓட்டுநரையும் பயணியையும், ஆசிரியரையும் மாணவரையும், உயிரோடிருக்கும் பாட்டியையும் இல்லாத பாட்டியையும் குழப்பும் இடங்களில்.

அந்தச் சண்டைகளில் நான் கடைசியாகத் தோற்றது மருந்தில்.

முதியவர்களுக்கான ஒரு துண்டுப் பிரசுரம். நான்கு மொழிகளில் வர வேண்டும். ஆங்கில மூலத்தில், உணவுக்குப் பிறகு இரண்டு மாத்திரை 'டேக்' செய்யவும் என்று இருந்தது. மருந்து விஷயத்தில் இங்கே மூன்று மொழிகள் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம். பேச்சில் சீனர்கள் 'ச்சி யாவ்' என்கிறார்கள், மலாய்க்காரர்கள் 'மாக்கான் உபாட்' என்கிறார்கள். இரண்டுக்கும் நேர்ப்பொருள் மருந்து சாப்பிடுவது. நாமும் மருந்து சாப்பிடுகிறவர்கள்தான். நான் 'சாப்பிடவும்' என்று எழுதினேன். சரிபார்த்த இளம்பெண், சாப்பாட்டைத்தான் சாப்பிடுவோம், மருந்துக்கு அது கொச்சையாக இருக்கிறது என்று சிவப்புக் கோடு போட்டு, 'எடுத்துக்கொள்ளவும்' என்று மாற்றினாள்.

அவள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. அதே பிரசுரத்தில் திரவ மருந்தும் உறிஞ்சு மருந்தும் வந்தன. ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் ஒரே வினையைப் போட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும். நமக்கோ மாத்திரையை விழுங்க வேண்டும், கஷாயத்தைக் குடிக்க வேண்டும், ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், கண்ணில் சொட்டு விட வேண்டும், களிம்பைத் தடவ வேண்டும். ஒரு பொதுவினை வேண்டும் என்று அவள் கேட்டது தவறில்லை. 'உட்கொள்ளவும்' என்று எழுதலாமே, வாய்வழி மருந்துகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்துமே என்றேன். என் அருமை 'கொள்' அங்கே கம்பீரமாகத் தனித்து நிற்கும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது. "அக்கா, அது பாடப்புத்தகத் தமிழ். பாட்டிகளுக்குப் புரியாது" என்றாள். 'எடுத்துக்கொள்ளவும்' என்றே அச்சாகி வந்தது.

அந்தப் பிரசுரத்தின் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். ரத்த அழுத்த மாத்திரை அவருக்குப் பிடிக்காது. அதைப் போட்டால் பத்து முறை கழிவறைக்குப் போக வேண்டியிருக்கிறது என்பார். மறுநாள் மாலை வேலை முடிந்து வந்ததும், "அத்தை, காலை மாத்திரையை எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் வாயில் அந்த வினை எப்படி வந்தது என்று கூச்சமாகத்தான் இருந்தது.

"எடுத்துக்கொண்டேனே" என்றார்.

இரவு அவர் கண்ணாடியைத் துடைத்து வைக்கலாம் என்று கூட்டைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாக இரண்டு மாத்திரைகள்.

"என்ன அத்தை இது?"

"எடுத்துக்கொண்டீர்களா என்றுதானே கேட்டாய்? எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்."